சந்தை போட்ட பாதைகள்: செட்டில் ஊரில் மூன்று நாள்

நீங்கள் கேட்டது இதுதான்: லீட்ஸில் வேலை, கார் கிடையாது. அக்டோபர் நடுவில் அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள். லண்டனும் எடின்பரோவும் பார்த்தாயிற்று. கையில் மூன்று நாள் இருக்கிறது, இங்கிலாந்தின் கிராமப்புறத்தைக் காட்ட வேண்டும். காட்ஸ்வோல்ட்ஸுக்கு டூர் பஸ்ஸில் போகலாமா, வேறு ஏதாவது உண்டா, வயல் வழியாக நடந்தால் யாராவது திட்டுவார்களா, அம்மா சைவம், சாப்பாட்டுக்கு என்ன வழி.

என் பதில்: டூர் பஸ் வேண்டாம். வடக்கு யார்க்‌ஷரில் உள்ள செட்டில் என்ற சின்ன ஊருக்குப் போங்கள். லீட்ஸிலிருந்து நேர் ரயில், ஒரு மணி நேரம்தான். திங்கள் போய்ப் புதன் திரும்புங்கள். செவ்வாய்க்கிழமை நடுவில் வர வேண்டும், அன்றைக்குத்தான் அங்கே சந்தை.

டூர் பஸ் ஐந்து அழகான ஊர்களில் நாற்பது நாற்பது நிமிடம் இறக்கிவிடும். ஐந்திலும் ஒரே மாதிரி தேன்நிறக் கல்வீடு, ஒரே மாதிரி டீக்கடை, நிறைய கூட்டம். போட்டோ கிடைக்கும். ஆனால் ஊரிலிருந்து வயலுக்கு இறங்கும் இடத்தை நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள், இங்கிலாந்தின் சந்தை ஊர்களில் பார்க்க வேண்டியதே அதுதான். சந்தைச் சதுக்கத்தில் நின்றுகொண்டு எந்தச் சந்தில் திரும்பினாலும் பத்து நிமிடத்தில் ஆடு மேயும் புல்வெளியில் இருப்பீர்கள். அது தற்செயல் இல்லை. சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் சந்தைக்கும் மாவு மில்லுக்கும் தேவாலயத்துக்கும் பல நூறு ஆண்டு நடந்து நடந்து தேய்ந்த தடங்கள்தான் இன்றைய நடைபாதைகளில் பெரும்பகுதி. பாதைகளைப் போட்டது சந்தை என்றே சொல்லலாம். அதனால்தான் இந்த ஊர்களில் தங்கி, வாசலிலிருந்தே நடக்க வேண்டும் என்கிறேன்.

செட்டிலுக்குச் சந்தை உரிமை கிடைத்தது 1249-ல், மூன்றாம் ஹென்றி மன்னர் கொடுத்த சாசனத்தால். அந்தக் காலத்தில் யார் வேண்டுமானாலும் சந்தை கூட்டிவிட முடியாது. அந்த நிலப்பிரபுவுக்கு மன்னர் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும், இன்ன கிழமை என்றும் அதில் இருக்கும். பக்கத்தில் இன்னொரு சந்தை எவ்வளவு தூரத்தில் வரலாம் என்பதற்கும் ஒரு கணக்கு இருந்தது. 13-ஆம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர் பிராக்டன் சொன்ன கணக்கு: ஒரு மனிதன் ஒரு நாளில் 20 மைல் நடப்பான். அந்த நாளை மூன்றாகப் பிரி. ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு வாங்கி விற்பதற்கு, ஒரு பங்கு இருட்டுவதற்குள் வீடு திரும்புவதற்கு. ஆகவே ஆறே முக்கால் மைலுக்குச் சற்றுக் குறைவான அந்தத் தூரத்துக்குள் இன்னொரு சந்தை வந்தால் பழைய சந்தைக்கு நஷ்டம், அது கூடாது. மனிதனின் கால் எவ்வளவு தாங்கும் என்பதை வைத்து ஒரு நாடு தன் ஊர்களைக் கணக்குப் போட்டிருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது. இங்கே நடக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

ஊர் சின்னது. ரயில் நிலையத்திலிருந்து சதுக்கத்துக்கு ஐந்து நிமிடம்தான், பெட்டியை இழுத்துக்கொண்டே போய்விடலாம். சதுக்கத்தில் ஷாம்பிள்ஸ் என்ற கட்டடம் இருக்கிறது. கீழே வளைவு வளைவாகக் கடைகள், மேலே வீடுகள். ஷாம்பிள்ஸ் என்றால் பழைய ஆங்கிலத்தில் கசாப்புக் கடை வரிசை. பக்கத்திலேயே, 1663 என்று பொறித்த பலகையால் உடம்பை மறைத்துக்கொண்டு நிற்கும் ஒரு மனிதனின் கற்சிற்பம் பதித்த கட்டடம் இருக்கிறது, ஒரு காலத்தில் விடுதியாக இருந்தது. இரண்டு தெரு தள்ளி, 1670-களில் ஒரு வக்கீல் தனக்குக் கட்டிக்கொண்ட ஃபாலி என்ற பெரிய வீடு இப்போது அருங்காட்சியகம். மேல் செட்டிலில் பழைய சிவப்பு டெலிபோன் பெட்டி ஒன்றைக் குட்டி ஓவியக் கூடமாக மாற்றியிருக்கிறார்கள். ஒரு நேரத்தில் ஒருவர்தான் உள்ளே நிற்க முடியும். அம்மாவை முதலில் அனுப்புங்கள்.

செவ்வாய்ச் சந்தை பிரமாண்டமாக இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். காய்கறி, பாலாடைக்கட்டி, ரொட்டி, செடி, துணி என்று கொஞ்சம் கடைகள். வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் ஒருவரை ஒருவர் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், அதைப் பார்ப்பதற்காகவே போகலாம். மதிய நடைக்கான ரொட்டியும் ஆப்பிளும் அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

சதுக்கத்துக்கு நேர் மேலே தெரியும் வெள்ளைப் பாறை காசில்பர்க். உச்சியில் ஒரு கொடிக்கம்பம் உண்டு. மரங்களுக்கிடையே ஏறினால் கால் மணி நேரம்கூட ஆகாது. திங்கள் மாலை அப்பாவோடு ஏறிப் பாருங்கள். ஊரின் கூரைகளெல்லாம் காலடியில் கிடக்கும், மறுநாள் நடக்கப் போகும் பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும்.

இப்போது நீங்கள் தயங்கித் தயங்கிக் கேட்ட விஷயம்: திட்டுவார்களா? இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். என் அப்பாவை முதன்முதலில் இங்கே அழைத்து வந்தபோது அவர் ஒரு கற்சுவர் முன்னால் நின்றுவிட்டார். சுவரில் ஆள் மட்டும் நுழைகிற மாதிரி ஓர் இடுக்கு, அந்தப் பக்கம் ஆடுகள். “இது யார் நிலம்?” என்றார். யாரோ ஒரு விவசாயியுடையது என்றேன். “அப்புறம் நாம எப்படி உள்ளே போறது?” என்றார். சட்டம் இருக்கிறது என்று சொல்லியும் நம்பவில்லை. மேப்பை விரித்துப் பச்சைப் புள்ளிக்கோட்டைக் காட்டியபிறகுதான் காலெடுத்து வைத்தார். பாதி வயலில் நாலு சக்கர பைக்கில் விவசாயி எங்களை நோக்கி வந்தார். அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. வந்தவர் காலை வணக்கம் சொல்லி, அடுத்த கேட்டின் கொக்கி இறுக்கமாக இருக்கும், தூக்கித் திறக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று முழுவதும் அப்பா அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

நடப்பது இதுதான். நிலம் விவசாயிக்குச் சொந்தம். ஆனால் அதன் குறுக்கே போகும் பாதையில் நடக்கும் உரிமை பொதுமக்களுக்குச் சொந்தம். 1949-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று ஒவ்வொரு மாவட்ட நிர்வாகமும் தன் எல்லைக்குள் உள்ள பாதைகளையெல்லாம் ஆராய்ந்து அதிகாரபூர்வ வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்றது. அதில் ஏறிய பாதையை நிலச்சொந்தக்காரர் மூட முடியாது. உழுது அழித்தால் திரும்பச் சீர்செய்து தர வேண்டும். 20 ஆண்டு தடையில்லாமல் மக்கள் நடந்துவந்த வழியைப் பாதையாகப் பதிவுசெய்யக் கோரவும் இடமுண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாக இப்படி ஏறத்தாழ 2,25,000 கிலோமீட்டர் பாதை இருக்கிறது. 2000-ல் வந்த இன்னொரு சட்டம், மலை மேய்ச்சல் நிலங்களிலும் பொட்டல் மேடுகளிலும் பாதையை விட்டு விலகியும் நடக்கலாம் என்றது. இதெல்லாம் சும்மா வரவில்லை. 1932-ல் கிண்டர் ஸ்கவுட் மலையில் நூற்றுக்கணக்கான தொழிலாளிகள் தடையை மீறி ஏறினார்கள், சிலர் சிறைக்கும் போனார்கள். நீங்கள் நுழையப் போகும் அந்தச் சுவர் இடுக்குக்குப் பின்னால் இத்தனையும் இருக்கிறது. ஆகவே கூச்சப்படாமல் நடங்கள்.

அடையாளம் எளிது. மஞ்சள் அம்பு என்றால் நடப்பவர்களுக்கு மட்டும். நீல அம்பு என்றால் குதிரைக்கும் சைக்கிளுக்கும் சேர்த்து. பிரிட்டனின் வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வே வெளியிடும் 1:25,000 மேப்பை வாங்கிக்கொள்ளுங்கள், ஆரஞ்சு அட்டை போட்டது. ஒவ்வொரு சுவர்கூட அதில் இருக்கும். போனை மட்டும் நம்பாதீர்கள், இந்தப் பள்ளத்தாக்குகளில் சிக்னல் போய்விடும். உரிமைக்குப் பதிலாக நாம் செய்ய வேண்டியது கொஞ்சம்தான்: கேட் எப்படி இருந்ததோ அப்படியே விட்டுப் போக வேண்டும், சுவர் மேல் ஏறக் கூடாது, பாதை எங்கே போகிறதோ அங்கேயே போக வேண்டும். மாடுகளிடம் மட்டும் நிஜமாகவே கவனம் தேவை. கன்றோடு நிற்கும் மாட்டுக்கும் கன்றுக்கும் நடுவே போகாதீர்கள், சுற்றிப் போங்கள், ஓடாதீர்கள். ஆடுகள் தாமாகவே விலகிவிடும்.

செவ்வாய் மதியம் எல்லோரும் சேர்ந்து நடக்க ரிப்பிள் ஆற்றங்கரை. சந்தையிலிருந்து கீழே பாலத்துக்கு இறங்கும் இடத்தில் தடுப்பணையைப் பாருங்கள். ஒரு பெரிய ஆர்க்கிமிடீஸ் திருகு சுழன்று மின்சாரம் எடுத்துக்கொண்டிருக்கும். 2009 முதல் ஓடுகிறது. ஊர்க்காரர்களும் ஆதரவாளர்களும் பங்கு போட்டுக் கட்டியது. பாலம் தாண்டி ஆற்றின் மேற்குக் கரையோடு வடக்கே போனால் ஸ்டாக்ஹவுஸ் என்ற நாலு வீட்டுக் குடியிருப்பு, அப்புறம் லாங்கிளிஃப் தடுப்பணை நடைப்பாலம். அம்மாவுக்கு முழங்கால் வலி இருந்தால் அந்தப் பாலத்தைக் கடந்து லாங்கிளிஃப் கிராமம் வழியாக ஊர் திரும்பிவிடலாம், மொத்தம் ஐந்து கிலோமீட்டர் போல வரும், பெரும்பாலும் சமதளம்.

நடக்க முடிந்தவர்கள் மேற்குக் கரையிலேயே தொடருங்கள். ஸ்டெயின்ஃபோர்த் ஃபோர்ஸ் வரும். ஆறு பாறைப் படிகளில் இறங்கிக் கறுத்த மடுவில் விழும் இடம். ஃபோர்ஸ் என்றால் இங்கே அருவி. ஆயிரம் ஆண்டுக்கு முன் ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்து குடியேறிய நார்ஸ்காரர்கள் விட்டுச்சென்ற சொல். ஓடைக்கு பெக், செங்குத்துப் பாறைக்கு ஸ்கார், மலைக்கு ஃபெல் என்பதெல்லாம் அவர்கள் பேச்சுதான். தெற்கு இங்கிலாந்தில் இந்தச் சொற்களைக் கேட்க மாட்டீர்கள். நீங்கள் அக்டோபரில் போவது நல்ல விஷயம். இலையுதிர்காலத்தில் கடலிலிருந்து முட்டையிட மேலேறும் சால்மன் மீன்கள் இந்த அருவியைத் தாண்டிக் குதிக்கும். மழை பெய்து ஆறு பெருகி, பிறகு வடியத் தொடங்கும் நேரம்தான் தோது. பாறையில் உட்கார்ந்து அரை மணி நேரம் பொறுமையாகப் பாருங்கள். முதல் தடவை நான் ஒன்றையும் காணவில்லை, இரண்டாவது தடவை இருபது நிமிடத்தில் நாலு. முழங்கை நீள மீன் வளைந்து தெறித்து, பாறையில் மோதி, விழுந்து, மறுபடி குதிக்கும். பார்த்துக்கொண்டிருந்த யாரும் பேசவில்லை.

அருவிக்குச் சற்று மேலே ஒற்றை வளைவில் ஒரு கல்பாலம். 1670-களில் பொதிக்குதிரைகள் போகக் கட்டியது. பொதி இடிக்காமல் இருக்க இந்தப் பாலங்களில் கைப்பிடிச் சுவரைத் தாழ்வாகவே வைப்பார்கள். அதைக் கடந்து கிழக்குக் கரைக்கு வந்து தெற்கே திரும்பினால் ஹாஃப்மன் சூளை இருக்கிறது. 1873-ல் கட்டிய சுண்ணாம்புக் காளவாய் இது, வளையமாக 22 அறைகள். நெருப்பை அணைக்கவே மாட்டார்கள். ஓர் அறை எரியும்போது வேறோர் அறையில் கல் அடுக்குவார்கள், எரிந்து முடிந்த அறையிலிருந்து ஆறின சுண்ணாம்பை எடுப்பார்கள். நெருப்பு வளையத்தைச் சுற்றிக்கொண்டே இருக்கும். இப்போது உள்ளே இலவசமாக நடக்கலாம். டார்ச் எடுத்துப் போங்கள். சத்தமாகப் பேசினால் சுவர் திருப்பிப் பேசும். முழுச் சுற்றும் பத்து கிலோமீட்டர் போல வரும், நின்று நிதானமாக நடந்தால் நாலு மணி நேரம்.

வழியெல்லாம் கற்சுவர் பார்ப்பீர்கள். யார்க்‌ஷர் டேல்ஸ் தேசியப் பூங்காவில் மட்டும் 5,000 மைலுக்கு மேல் இப்படிச் சுவர் இருக்கிறது. சுண்ணாம்போ சிமென்டோ ஒரு துளி கிடையாது. இரண்டு வரிசையாகக் கல் அடுக்கி, நடுவில் சில்லுகளைத் திணித்து, இடையிடையே இரண்டு வரிசையையும் இணைக்க நீளக்கல் போட்டு, மேலே போகப்போக ஒடுங்கவிடுவார்கள். பெரும்பாலானவை 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் பொதுமேய்ச்சல் நிலத்தைப் பங்கு போட்டு அடைத்தபோது எழுந்தவை. கையை வைத்துப் பாருங்கள். ஒரே சுவரில் வெள்ளைச் சுண்ணாம்புக்கல்லும் பழுப்பு மணற்கல்லும் கலந்திருந்தால், அந்த இடத்தில் தரைக்கடியில் பாறை மாறுகிறது என்று அர்த்தம். செட்டில் உட்கார்ந்திருப்பதே கிரேவன் பிளவு என்ற நிலப்பிளவின் மேல்தான்.

திங்கள் மதியம் அப்பா அம்மா ஓய்வெடுக்கும்போது, மழையில்லாவிட்டால், நீங்கள் மட்டும் விக்டோரியா குகைக்குப் போய்வாருங்கள். ஊருக்கு மேலே ஏறி அட்டர்மயர் ஸ்கார் பாறைச்சுவர்களின் அடியோடு போகும் சுற்று, மூன்று மணி நேரம். 1837-ல் தற்செயலாகக் கண்டுபிடித்து, அந்த ஆண்டு அரியணை ஏறிய ராணியின் பெயரை வைத்தார்கள். 1870-களில் தோண்டியபோது அடியில் கிடைத்தவை: நீர்யானை, காண்டாமிருகம், யானை, கழுதைப்புலியின் எலும்புகள். ஏறத்தாழ 1,30,000 ஆண்டு பழையவை, பனிக்காலங்களுக்கு இடையே இந்த நாடு வெதுவெதுப்பாக இருந்த காலத்தவை. அதற்கு மேல் மண்ணடுக்கில், 11,000 ஆண்டுக்கு முன் மனிதன் கொம்பில் செதுக்கிய ஈட்டிமுனை. இன்றைக்கு அதே சரிவில் செம்மறி ஆடுகள் மேய்கின்றன. குகை வாசலில் நின்று பார்த்தால் போதும். மேற்கூரைக் கல் உதிரும், உள்ளே போகாதீர்கள்.

ஷூ விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். ஈரமான சுண்ணாம்புக்கல் சோப்பு மாதிரி வழுக்கும். சாதாரண ஷூவோடு அங்கே விழுந்து நான் மணிக்கட்டைச் சுளுக்கிக்கொண்டேன், இரண்டு வாரம் டைப் அடிக்க முடியவில்லை. அடித்தடம் ஆழமான நடை ஷூ, மூன்று பேருக்கும் மழைக்கோட்டு, ஒரு டார்ச். குடை காற்றில் நிற்காது. அக்டோபர் நடுவில் மாலை ஆறேகாலுக்குச் சூரியன் மறைந்துவிடும், ஐந்துக்குள் ஊர் திரும்பிவிடுங்கள். அடிபட்டால் 999 அழைத்து, போலீஸைக் கேட்டு, மலை மீட்புக் குழு வேண்டும் என்று சொல்ல வேண்டும். இந்தப் பகுதிக்கு வருவது பக்கத்து கிளாபம் கிராமத்தில் உள்ள குகை மீட்பு அமைப்பு. 1935-ல் தொடங்கியது, உலகிலேயே இந்த வகையில் முதலாவது. எல்லோரும் தொண்டர்கள், காசு வாங்குவதில்லை. அவர்களின் உண்டியலைக் கடைகளில் பார்த்தால் ஏதாவது போடுங்கள்.

அம்மாவின் சாப்பாடு. யார்க்‌ஷரில் மீனும் சிப்ஸும் விற்கும் கடைகளில் சிப்ஸைப் பல இடங்களில் மாட்டுக்கொழுப்பில்தான் பொரிக்கிறார்கள், அதுதான் இங்கே மரபு. உருளைக்கிழங்குதானே என்று வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள், கேட்டுவிட்டு வாங்குங்கள். யார்க்‌ஷர் புட்டிங் என்ற மாவுப் பண்டமும் அப்படியே. சூப்பில் என்ன சாறு ஊற்றினார்கள் என்றும் கேளுங்கள், முகம் சுளிக்காமல் சொல்வார்கள். பப்களில் சமையலறை மதியம் இரண்டு, இரண்டரைக்கு மூடினால் மாலைதான் திறக்கும். திங்கட்கிழமை சில இடங்கள் திறப்பதே இல்லை. அதனால் சமையலறை உள்ள தங்குமிடம் எடுப்பதே நல்லது. ஊரில் சூப்பர்மார்க்கெட் உண்டு. ரசப்பொடியும் ஒரு பிடி அரிசியும் கொண்டுபோனால், நனைந்து வந்த ராத்திரி அம்மா உங்களை வாழ்த்துவார்.

புதன்கிழமை பெட்டிகளைத் தங்குமிடத்திலேயே வைத்துவிட்டு ரிப்பிள்ஹெட் வரை ரயிலில் போய்வாருங்கள். வடக்கே போகும்போது வலப்பக்கம் உட்காருங்கள், பெனிகெண்ட் மலை தெரியும், 694 மீட்டர். (ஒரே நாளில் மூன்று சிகரம் ஏறும் 24 மைல் நடை பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இந்தப் பயணத்தில் அந்த ஆசை வேண்டாம்.) ரிப்பிள்ஹெட்டில் இறங்கிப் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் 24 வளைவுகளோடு மேம்பாலம் எதிரே நிற்கும், 400 மீட்டர் நீளம், 32 மீட்டர் உயரம். செட்டில்–கார்லைல் பாதையில் பயணிகள் ரயில் ஓடத் தொடங்கியது 1876-ல். பாலம் கட்ட வந்தவர்கள் இந்தச் சதுப்பில் குடும்பத்தோடு குடிசை போட்டு வாழ்ந்தார்கள். விபத்திலும் அம்மையிலும் இறந்த 200-க்கும் மேற்பட்டவர்களைப் பக்கத்து சேப்பல்-லெ-டேல் தேவாலயத்தில் புதைத்தார்கள். குடிசைகள் இருந்த மேடுபள்ளங்கள் பாலத்தடியில் இன்னும் தெரிகின்றன.

1980-களில் இந்த ரயில் பாதையையே மூடப் பார்த்தது அரசு, பாலத்தைப் பழுதுபார்க்கச் செலவாகும் என்று. ஆயிரக்கணக்கானவர்கள் ஆட்சேபம் எழுதினார்கள். ரஸ்வார்ப் என்ற நாய்கூடப் பாதத்தடம் பதித்தது. டிக்கெட் வாங்கிப் பயணம் செய்த நாய் என்பதால் அதன் ஆட்சேபத்தையும் ஏற்றுக்கொண்டார்கள். 1989 ஏப்ரலில் அரசு முடிவை மாற்றிக்கொண்டது. கார் இல்லாத நீங்கள் அப்பா அம்மாவோடு அங்கே போக முடிவது அந்த முடிவால்தான். ஒரு நாளைக்குச் சில ரயில்கள்தான் ஓடுகின்றன, திரும்பும் நேரத்தைக் காலையிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ரிப்பிள்ஹெட்டில் ஒரு ரயிலை விட்டால் அடுத்ததற்கு இரண்டு மணி நேரம்கூட ஆகலாம், காற்று பலமாக இருக்கும்.